லண்டன் விலையும் தால்தால் பானையும்

— பொய் சொல்லி எனக்கு என்ன கிடைக்கப் போவுது ஒதிலியா? செம்புக்கல் வாங்குற ஆபீஸ் வாசல்ல லாரியை நிறுத்தி, கூடப் பொறந்தவனைப் பக்கத்துல உக்கார வெச்சு, போலீஸ்காரி மாதிரி கேள்வி கேக்குறே.

— நம்பலைன்னு யாரு சொன்னா அண்ணே? இன்னொரு தடவை சொல்லுன்னுதான் கேக்குறேன். என் மண்டைக்கு ஒரே தடவையில ஏறாது.

— சொல்றேன், கேளு. திங்கக்கிழமை, மலை மேல இருக்குற எங்க பெரிய சுரங்கத்துல வேலைநிறுத்தம். சங்கத் தலைவன் நானே சொல்றேன், அப்புறம் என்ன? அங்க மெஷின் நின்னா உலகத்துக்கே செம்புத் தட்டுப்பாடு. லண்டன் சந்தையில விலை எகிறிடும். இன்னைக்கு விலைக்குக் கல்லைக் குடுத்துட்டு அப்புறம் தலையில கையை வெச்சுக்கிட்டு உக்காராதே. 'வர்ற மாச விலை'ன்னு எழுதிக் குடு. அம்புட்டுதான்.

— வேலைநிறுத்தம் நடக்கலைன்னா?

— நடக்கும்.

— நடக்கலைன்னா அண்ணே?

— விலை இறங்கும். அதான் நடக்கும்னு சொல்றேன்ல!

— இறங்குனா என் சுரங்கக் குழியை மூடணும். என்னோடது மட்டும் இல்ல, எங்க ஆளுங்களோட பதினாலு குழியும். போன தடவை இறங்குனப்ப பக்கத்துக் குழிக்காரன் ஃபெர்மின் பாறை துளைக்கிற கம்ப்ரஸரை வித்துட்டு, தலைநகரம் சாந்தியாகோவுல காவலாளி வேலைக்குப் போனான். இன்னும் அங்கதான் யாரோ வீட்டுக் கதவைத் திறந்து மூடிக்கிட்டு இருக்கான்.

— அதனாலதான் புள்ள ஓடி வந்தேன். உன் ஆளுங்க எல்லாரையும் வர்ற மாச விலைக்குக் காத்திருக்கச் சொல்லு. நீதானே அவங்களுக்குத் தலைவி?

— எல்லாரையுமா?

— பின்னே? நல்ல சேதி தெரிஞ்சா நாலு பேருக்குச் சொல்ல வேணாமா?

— அப்படியா சேதி! சின்ன வயசுல கறி வெச்சுச் சுட்ட எம்பனாதாவுல ஒரு ஓரத்தைக்கூட எனக்குப் பிச்சுத் தராத ஆளு, இப்ப ஊருக்கே விருந்து வைக்கிறே.

— இது ஒரு பேச்சா?

— நேத்து தால்தால் ஊருல இருக்குற உங்க சங்கக் கூடத்துப் பக்கம் போனேன்.

— எதுக்கு?

— சும்மாதான். வேலைநிறுத்தத்தப்ப எல்லாருக்கும் சேத்து ஆக்குற பொதுப்பானை மூலையில சாஞ்சு கெடக்குது. உள்ள பூனை குட்டி போட்டிருக்கு. வேலைநிறுத்தம்னா முன்னாடியே பொம்பளைங்க அதைத் தேய்க்க உக்காந்துருவாங்களே, விறகு வரும், கிழங்கு மூட்டை எறங்கும், ஒண்ணையும் காணோம். ஏன்டீன்னு கேட்டேன். 'கிழங்கு வாங்க வேணாம், அழுகிப் போகும்னு தெல்ஃபின் அண்ணன்தான் சொன்னாரு'ன்னாளுங்க.

— ஆமா, சொன்னேன். ஞாயித்துக்கிழமை வாங்குனாப் போதாதா? சங்கத்துக் காசு என்ன மரத்துலயா காய்க்குது?

— கிழங்கு ஒரு மாசம் கெட்டுப்போகாது அண்ணே. திங்கறதுக்கு ஆள் வராதுன்னு தெரிஞ்சாத்தான் அழுகுறதைப் பத்திக் கவலைப்படுவாங்க.

— பானையையும் கிழங்கையும் பாத்து செம்பு விலை சொல்றே. லண்டன்காரன் கேட்டா சிரிப்பான்.

— அவன் எதைப் பாத்துச் சொல்றானோ எனக்குத் தெரியாது. எனக்குப் பானைதான் தெரியும். அது கெடக்கட்டும். உன் மகனுக்கு அன்தோஃபகாஸ்தா பட்டணத்துல வேலை கிடைச்சுதாமே? அண்ணி சொன்னா.

— ம்.

— அன்செல்மோ முதலாளியோட ஆபீஸ்லயாமே. இதோ, இந்தக் கதவுக்கு உள்ள உக்காந்து எங்க கல்லை எடை போட்டு வாங்குறாரே, அதே அன்செல்மோ.

— படிச்ச பையன். தகுதிக்குக் கிடைச்சுது.

— ரெண்டு வருஷமா இல்லாத தகுதி இந்த மாசம் வந்துருச்சா? எனக்கு ஒண்ணு புரியலை அண்ணே, நீ படிச்சவன், சொல்லு. நாங்க வர்ற மாச விலைக்குக் குடுக்குறோம். அன்செல்மோ அதே கல்லை இன்னைக்கு விலைக்கே கப்பல்காரனுக்கு வித்துடறாரு. விலை விழுந்தா, எங்களுக்குக் குடுக்க வேண்டியது குறையுது. மிச்சம் யார் பையில விழும்?

— நீ ரொம்பப் பேசுறே.

— சரி, பேசலை. நம்பிட்டேன். சாப்பாட்டு வேளை முடிஞ்சு கதவைத் திறந்ததும் உள்ள போறேன். வர்ற மாச விலைன்னு என் கல்லைத்தான் முதல்ல எழுதப் போறேன். மத்தவங்க என் பின்னாடியே வருவாங்க. அதோ, திறக்குறாங்க.

— நில்லு.

— என்ன?

— இறங்காதே. கதவைச் சாத்து. கண்ணாடியை ஏத்து. உன் கல்லை மட்டும் இன்னைக்கு விலைக்குக் குடு.

— ஏன்?

— கேக்காதே புள்ள.

— ஏன் அண்ணே?

— வேலைநிறுத்தமும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது! கம்பெனிகூடப் பேசி முடிச்சாச்சு. திங்கக்கிழமைதான் வெளிய சொல்லுவோம். சொன்ன நிமிஷமே விலை பொத்துனு விழும். போதுமா?

— அன்செல்மோ சொல்லச் சொன்னாரா?

— பையன் வீட்டுல சும்மாவே கெடந்தான் ஒதிலியா. என் மூஞ்சியைப் பாக்காமத்தான் தட்டை வாங்குவான். நீ என்ன செஞ்சிருப்பே?

— எனக்குத் தெரியலை. நெஜமாவே தெரியலை. ஆனா மத்த பதிமூணு பேரு?

— அவங்க யாரு எனக்கு? உன் வயித்துல மண்ணைப் போட என்னால முடியலை, சொல்லிட்டேன். அவங்க காத்திருக்கட்டும். ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடாதே.

— இந்த லாரி காலி அண்ணே. தார்ப்பாய்க்குக் கீழ ஒரு கல்லு கிடையாது. பதினாலு பேரும் காலையிலேயே இன்னைக்கு விலைக்குக் குடுத்துட்டோம்.

— அப்புறம் எதுக்குடி இவ்வளவு நேரம் என்னை உக்கார வெச்சே?

— அவங்க யாருன்னு கேட்டியே? உன்னை உன் சங்கத்துக்கிட்ட காட்டிக் குடுக்கலாமா வேணாமான்னு, 'அவரு தங்கச்சி நீ, நீயே முடிவு பண்ணிக்க'ன்னு என்கிட்ட விட்டுட்டுப் போனவங்க.