ஆறு கேட்டவனுக்குப் பதினான்கு

தெற்குக் காற்று பலமாக அடிக்கும் சனிக்கிழமைகளில் கான்சஸில் யாரும் வெளியே துணி காயப்போட மாட்டார்கள். நாங்கள் அதே காற்றில் ராக்கெட் விடப் போவோம். எங்களுக்கு மூளை கொஞ்சம் கம்மி என்பாள் என் மனைவி. இருக்கலாம்.

நீங்கள் இளம் வயது, டெபுடி ஷெரிஃப் கோயர்ட்ஸ். எங்கள் மன்றத்தைப் பற்றித் தெரிந்திருக்க நியாயமில்லை. அறுவடை முடிந்த கோதுமை வயலில் மாதம் ஒருமுறை கூடுவோம். யார் ராக்கெட் கொண்டுவந்தாலும் முதலில் என் மேஜைக்கு வரவேண்டும். நான் பாதுகாப்பு அதிகாரி. நான் கையெழுத்துப் போட்ட சீட்டு இல்லாமல் ஒரு குச்சிகூட மேலே போகாது. பத்தொன்பது வருஷத்தில் ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. போன சனிக்கிழமை டெல்பர்ட் உன்ரூ செத்ததைக் கழித்துவிட்டால்.

விஷயம் எளிது. ராக்கெட்டைத் தூக்கும் மருந்துக்குழாயைத்தான் மோட்டார் என்போம். மோட்டார் எரிந்து தீர்ந்ததும் அதன் தலைப்பக்கம் இருக்கும் மருந்துக்கட்டி சாவகாசமாகப் புகையும். அது தீர்ந்தால்தான் பாராசூட் வெளியே வரும். கடையில் வாங்கும்போது பதினான்கு வினாடி. அவ்வளவு வேண்டாமென்றால் கட்டியைக் குடைந்து குறைக்கலாம். மோட்டார் செய்த கம்பெனியின் கருவியால் மட்டும், அவர்கள் சொன்ன அளவு மட்டும். அதுதான் விதி.

டெல்பர்ட் பல் டாக்டர். சமையலறை மேஜையில் வைத்து வீட்டு டிரில்லால் குடைந்துகொண்டு வருவான்.

"ஆயிரம் கடைவாய்ப் பல்லைக் குடைஞ்சவன் நான். எனக்குக் கருவி எதுக்கு?"

மூன்று முறை திருப்பி அனுப்பினேன். அதிலிருந்து என்னைப் பார்த்தாலே, "மாமியார் வர்றாங்க, எல்லாரும் கால மடக்குங்கப்பா!" என்பான். வயலே சிரிக்கும். நானும் சிரிப்பேன். மரியாதை என்று ஒன்று இருக்கிறதே.

இந்த மாதம் மன்றத் தேர்தல். என் பதவிக்கு அவன் நின்றான். "பெருசு, போதும். போய் மீன் பிடி" என்றான். முப்பது கையில் இருபத்திரண்டு அவன் பக்கம். குடைகிறவனுக்கே குடைவதைக் கண்காணிக்கும் வேலை. நல்ல யோசனை.

அந்தச் சனிக்கிழமை காலை மோட்டாரைத் தூக்கிக்கொண்டு என்னிடமே வந்தான்.

"இந்தா, உன் திருக்கையாலயே குடைஞ்சு குடு. ஆறு வினாடி வேணும். நாளைக்கு நான் அந்த நாற்காலில உக்காரும்போது விதிய மதிக்காதவன்னு எவனும் சொல்லக்கூடாது பாரு."

"அப்ப எட்டு வினாடி எடுக்கணும்."

"கணக்கெல்லாம் வருதே! கை நடுங்காமப் பண்ணு."

என் வேனுக்குள் எடுத்துப் போனேன். கருவியை வெறும் காற்றில் ஒரு நிமிஷம் சுற்றினேன். வெளியே நிற்பவனுக்குச் சத்தம் கேட்க வேண்டும் அல்லவா? பிறகு மூடியை இறுக்கிக் கொடுத்தேன். கம்பெனி செய்தது செய்தபடி, ஒரு துகள் குறையாமல். சீட்டில் 'ஆறு' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

சந்தேகமான ராக்கெட் என்றால் மைக்கில் ஒரு எச்சரிக்கை சொல்வோம்: "எல்லாரும் எழுந்து மேல பாருங்க!" தின்றுகொண்டிருப்பதைப் போட்டுவிட்டு மொத்தக் கூட்டமும் எழுந்து நிற்கும். டெல்பர்ட்டின் ராக்கெட்டுக்கு இதுவரை சொல்லாமல் விட்டதில்லை. அன்று சொல்லவில்லை. நானே குடைந்தது, என்ன சந்தேகம்?

ராக்கெட் காற்று வரும் திசைக்கு முகம் திருப்பும். அன்று அது கூட்டம் உட்கார்ந்திருந்த பக்கம். ஏவும் கம்பியை எதிர்ப்பக்கம் சாய்ப்பது என் வழக்கம். அன்று நேராக வைத்தேன். தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள், நான் குறி பார்க்கவில்லை. அந்தக் காற்றில் யாராலும் முடியாது. நடுவில் தடையாக இருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவைத்தேன், அவ்வளவுதான்.

டெல்பர்ட் நீலப் பந்தலுக்குள் உட்கார்ந்தபடி விரல்விட்டு எண்ணினான். ராக்கெட் பந்தல் கூரைக்கு மேலே போய் மறைந்துவிட்டது. ஆறாவது விரலில் மனைவி பக்கம் திரும்பி, கறி அடைத்த பன்னைக் கையில் எடுத்தான்.

"பாத்தியா ஃபெர்ன், இந்நேரம் விரிஞ்சிருக்கும். மாமியார் வேலை சுத்தம்."

எனக்கு அது கேட்டது. ராக்கெட் தலைகீழாகத் திரும்பியதும் தெரிந்தது. கையில் மைக் இருந்தது. தரைக்கு வர ஆறு வினாடி. மைக்கில் பேசிப் பழகியவனுக்கு அது ஏராளம். ஆனால் நான் எச்சரித்தால் நான் குடைந்தது தப்பு என்று ஆகிவிடுமே. பேசாமல் இருந்தேன். கூரைத் துணி கிழிந்த சத்தம் அவ்வளவு பெரிதாக இல்லை.

நீங்கள் இதை விபத்து என்று முடித்துவிட்டீர்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன். ஃபெர்ன் அழுகிறாளே என்பதற்காக வரவில்லை. அந்த டிரில்லை ஒளித்து வைக்காமல் போனேனே என்று அவள் தன்னையே திட்டிக்கொள்கிறாள். பாவம். அதற்காகவும் இல்லை.

உங்கள் அறிக்கையின் நான்காவது வரிக்காக வந்தேன். 'இறந்தவர் விதிக்கு மாறாக மருந்தைத் தானே குடைந்ததால்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். கொலை என்று வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் என் மைதானத்தில் விதி மீறப்பட்டது என்று மட்டும் யாரும் எழுதக்கூடாது.