எண்ணி முடிக்கும்வரை

எனக்கு டீயில் சர்க்கரை வேண்டாம் சார். டாக்டர் சொல்லி இரண்டு வருஷமாகிறது. சொன்னால் கேட்கிற ஆள்தான் நான். பெயர் ராஜமாணிக்கம். சிதம்பரத்தில் விலங்கியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். கிள்ளைக்குக் கிழக்கே, முகத்துவாரத்தை ஒட்டி ஒரு சின்ன மணல்தீவு இருக்கிறதல்லவா, அங்கே ஐப்பசியில் வந்திறங்கும் பறவைகளைப் பன்னிரண்டு வருஷமாக எண்ணிப் பதிவு செய்கிறேன். ஊரில் கிறுக்கன் என்றார்கள். போகட்டும்.

எங்களுக்கு ஒரே கட்டுப்பாடுதான். எண்ணி முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. ஒரு குரல் கேட்டால் போதும், கூட்டம் மொத்தமும் எழும்பிவிடும். அன்றைய வேலை பாழ். சைபுல்லா இதில் என்னைவிடக் கறார். பரங்கிப்பேட்டைக்காரன், துபாயிலிருந்து திரும்பி மொபைல் கடை வைத்திருந்தான். நாலு வருஷமாக என்னோடு வந்தான். பறவைக் குரல் என்றால் பைத்தியம். தீவிலேயே ஒரு ஒலிப்பதிவுக் கருவியைக் கட்டிவைத்திருந்தான்.

அதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். போன வருஷம் அவன் ஊரில் இல்லாத நாளில் காய்ச்சலில் படுத்துவிட்டு, வீட்டிலிருந்தே ஒரு எண்ணிக்கையை எழுதி வனத்துறைக்கு அனுப்பியிருந்தேன். அன்றைய ஒலிப்பதிவில் படகுச் சத்தமே இல்லை. போன வாரம் தீவுக்குப் போகும்போது சொன்னான்.

"மாமா, நீங்களே சொல்லிடுங்க. ஒரு வருஷம் பொய்னா மிச்ச வருஷத்தையும் யாரு நம்புவாங்க? நான் சொன்னா நல்லாருக்காது."

"அதுக்கென்னப்பா, சொல்லிடறேன்" என்றேன். வெட்கமாக இருந்தது. வயிறும் எரிந்தது.

படகைக் கட்டிவிட்டு, தொலைநோக்கியை நிறுத்தி எண்ண ஆரம்பித்தேன். அவன் கருவியை எடுக்க மறுமுனைக்குப் போனான். மழைவெள்ளத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் ஆளை விழுங்குகிற சேறு. முந்தின நாள் நான் பார்த்திருந்தேன். அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

தொலைநோக்கியில் தெரிந்தான். இடுப்புவரை சேறு, தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கையைத் தூக்கினான். சத்தம் போடவில்லை. எண்ணி முடித்துவிட்டுப் போகலாம் என்று இருந்தேன். உப்புக்கொத்திப் பறவை மட்டும் ஆயிரத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. பாதியில் விட்டால் இந்த வருஷமும் பொய்யாகிவிடும், நியாயம்தானே சார்? தண்ணீர் மார்புக்கு வரும்வரை அவனும் பொறுத்துக்கொண்டான்.

பிறகுதான் கூப்பிட்டான். "மாமா, முடியல மாமா, படக எடுத்துட்டு வாங்க."

அடக்கம் முடிந்த மறுநாள் அவன் மனைவி மெஹ்ரீனைப் பார்க்கப் போனேன். "அவுங்க கூப்ட்ருப்பாங்களே மாமா, உங்களுக்குக் கேக்கலையா?" என்று கேட்டது அந்தப் பெண். எதிர்காற்று அடித்தது என்றேன்.

காற்றே இல்லை சார். அவன் முதல் குரலுக்கே பறவைகள் எல்லாம் எழும்பிப் போய்விட்டன. எண்ணுவதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை. படகு எனக்குப் பத்தடி தள்ளிக் கிடந்தது. அவன் தலை முங்கும்வரை நான் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.