சேத்துக்கிட்ட பூனை

செலின்: ...அப்ப டப்பாவுக்குக் காவல் நிக்கிறவ கதி?

மரிசெல்: எங்க ஊரு விளையாட்டுல அவ பேரு 'தாயா'. நாங்கெல்லாம் செருப்பைக் கழட்டி டப்பா மேல வீசுவோம் மதினி. டப்பா உருண்டு எங்கயாச்சும் ஓடும். அவ விரட்டிப் பிடிச்சு வட்டத்துக்குள்ள நிமித்தி வைக்கணும். அதுக்குள்ள நாங்க செருப்பைப் பொறுக்கிட்டு ஓடிறணும்.

செலின்: ஓட முடியாம மாட்டிக்கிட்டா?

மரிசெல்: மாட்டுனவதான் அடுத்த தாயா.

செலின்: தாயாவாம்... என்ன டப்பா அது?

மரிசெல்: பால் டப்பா. சத்தம் வரணும்னு உள்ள ரெண்டு கல்லைப் போட்டிருப்போம்.

செலின்: செருப்பு பிஞ்சா வீட்டுல பூசை விழுகுமே?

மரிசெல்: விழுகாம? ஒத்தைக் கால் செருப்போட எத்தனை நாள் வீட்டுக்குப் போயிருக்கேன்... மதினி, பையை விடுங்க.

செலின்: விடமாட்டேன். கதையை முடி.

மரிசெல்: முடிஞ்சிருச்சு.

செலின்: அப்ப அடுத்த கதையை ஆரம்பி.

மரிசெல்: ஏற்கனவே ஒரு பஸ்ஸை விட வச்சுட்டீக. அடுத்த பஸ்ஸு கம்பத்துலருந்து கிளம்பியிருக்கும்.

செலின்: கிளம்பட்டும். அனுமந்தன்பட்டிக்காரி நான், இந்த ரோட்டுல எத்தனை பஸ்ஸைப் பாத்திருக்கேன். இங்க பாரு மரியசெல்வி...

மரிசெல்: மரிசெல்.

செலின்: அது உங்க ஊர்ச் சாமியாரு வச்ச பேரு. இங்கன நீ மரியசெல்விதான். உண்மையைச் சொல்லு, எங்க போற?

மரிசெல்: மதுரைக்கு. கூட வேலை பாத்த புள்ளைக்குக் கல்யாணம்.

செலின்: புளுகு! தோஹாவுல நர்சு வேலை பாத்தப்பத் தெரிஞ்ச புள்ள, கப்பலேறி வந்து மதுரையில கல்யாணம் முடிக்குதாக்கும்? எங்க தம்பி வேணா நம்புவான், உன்னைக் கட்டுனதுலருந்து நீ சொன்னா பகலையும் ராத்திரிம்பான். அவன் திராட்சைக்கு மருந்து வாங்கத் தேனிக்குப் போன நேரம் பாத்து, எங்கம்மா கோயிலுக்குப் போன நேரம் பாத்து, பையைத் தூக்கிட்டு ரோட்டுக்கு வந்துட்ட. நாத்தனா கண்ணுல பட்டதுதான் தப்பாப் போச்சு.

மரிசெல்: ரெண்டு நாள்ல வந்துருவேன் மதினி.

செலின்: வரமாட்ட. நீ கடல் தாண்டி உங்க ஊருக்குப் போற. நேத்து உங்காத்தாகிட்ட போன்ல அழுதியே, கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். பாசை புரியாட்டி அழுகையும் புரியாதா?

மரிசெல்: சாரல் வருது மதினி. சேலையை இழுத்து மூடிக்கங்க.

செலின்: ஆடிக்காத்து. கேரளாப் பக்கம் பெய்யுது, நமக்குத் துப்புது. பேச்சை மாத்தாத.

மரிசெல்: நீங்கதான விளையாட்டுக் கதை கேட்டீக.

செலின்: கேட்டேன். கதை சொல்ல ஆரம்பிச்சா உன் கண்ணு எங்கயோ போயிரும். அப்படியே உக்காந்திருப்ப, பஸ்ஸு பாட்டுக்குப் போயிரும். அதுக்குத்தான் கேட்டேன், போதுமா? சொல்லு. நிலா வெளிச்சத்துல என்னமோ விளையாடுவோம்பியே...

மரிசெல்: பாதின்தேரோ.

செலின்: ஆங், அந்தத் தேரு.

மரிசெல்: தார் ரோட்டுலதான் விளையாட்டு. எங்க ஊர்ல இருட்டிட்டா வண்டி வராது. கோடு போடச் சுண்ணாம்பு ஏது? எங்கண்ணன் ஒரு டப்பாவுல ஓட்டை போட்டு, தண்ணிய நிறைச்சு, ஊத்திக்கிட்டே நடப்பான். பகலெல்லாம் காஞ்ச ரோடு மதினி. தண்ணி பட்டதும் ஒரு வாசம் வரும் பாருங்க... நிலாவுல அந்தக் கோடு மட்டும் மினுமினுன்னு கிடக்கும்.

செலின்: கோட்டுக்கு ஒரு ஆளு நிப்பாகளோ? கையை விரிச்சுக்கிட்டு?

மரிசெல்: ஆமா.

செலின்: குறுக்கால நிக்கிறவுகளைத் தாண்டித் தாண்டிப் போகணுமோ?

மரிசெல்: ஆமா.

செலின்: நடுக்கோட்டுல ஒருத்தன் மேலயும் கீழயும் ஓடுவானோ?

மரிசெல்: ஆமா மதினி! உங்களுக்கு எப்படி...

செலின்: அடியாத்தீ! இது நம்ம கிளித்தட்டுல்ல! நடுக்கோட்டுல ஓடுறவன்தான் கிளி. கடலைத் தாண்டி உங்களுக்கு எவன்டீ கொண்டாந்து குடுத்தான்?

மரிசெல்: நீங்க எங்ககிட்ட வாங்கியிருப்பீக.

செலின்: வாயப் பாரு, வாயப் பாரு. எங்கம்மா வாயி அப்படியே ஒட்டிக்கிருச்சு.

மரிசெல்: அத்தைகிட்டதான தமிழ் படிச்சேன்.

செலின்: சரி, தண்ணிக் கோடு காஞ்சு போனா?

மரிசெல்: சண்டைதான். கோடு இங்கன இருந்துச்சும்பான் ஒருத்தன், இல்ல அங்கனம்பா ஒருத்தி. கத்திக்கிட்டே இருப்போம். கடைசியில பாத்தா ஒரு கோடும் இருக்காது. அம்புட்டுப் பேரும் ரோட்டுலயே மல்லாக்கப் படுத்துக்குவோம். முதுகுக்குக் கீழ ரோடு இளஞ்சூடா இருக்கும். தவளை கத்தும். மேல நிலா...

செலின்: ம்...

மரிசெல்: அப்படியே தூங்கிருவேன். எங்கப்பா வந்து தோள்ல போட்டுத் தூக்கிட்டுப் போவாக. முழிப்பு வந்தாலும் முழிக்காத மாதிரியே கிடப்பேன்.

செலின்: கள்ளி.

மரிசெல்: நீங்க விளையாடலையா மதினி?

செலின்: விளையாடாம? நாங்க விளையாண்டது கல்லறைத் தோட்டத்துல. கல்லா மண்ணா.

மரிசெல்: கல்லறையிலயா!

செலின்: பின்ன? ஊர்ல அம்புட்டுக் கல்லு வேற எங்கன இருக்கு? கல்லு மேல ஏறி நின்னுக்கிட்டா தொடக்கூடாது. மண்ணுல கால் வச்சா பிடிச்சிருவாக. உபதேசியாரு பிரம்போட வருவாரு, அம்புட்டும் சிதறி ஓடும். ஆத்தாடி, யாரு தாத்தா தலையில யாரு காலோ...

மரிசெல்: எங்களுக்கும் இருக்கு. லாங்கித் லூபா. வானம், பூமி. மேடா எது மேல ஏறி நின்னாலும் அது வானம். கீழ பூமி. பூமியில நின்னா பிடிச்சிருவாக.

செலின்: வானமா... நல்லாருக்குடீ. எங்களுக்கு வெறும் கல்லு. இப்ப அந்தக் கல்லுல ஒண்ணு எங்க வீட்டுக்காரருது. ஞாயித்துக்கிழமை பூ வைக்கப் போனா, நான் ஏறிக் குதிச்ச கல்லெல்லாம் சுத்திக் கிடக்கு. பாக்கவே புடிக்கல.

மரிசெல்: மதினி...

செலின்: அவரு போனப்ப வந்தவுக எல்லாரும் ஆளுக்கொரு ஆறுதல் சொன்னாக. காது புளிச்சுப் போச்சு. நீ ஒருத்திதான் ஒரு வார்த்தை பேசாம என் கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்த.

மரிசெல்: அப்ப எனக்குத் தமிழ் தெரியாது மதினி.

செலின்: அடிப் போடி! சிரிக்க வைக்காத, கோவமா இருக்கேன்... நீயும் போயிட்டா இந்த ஊர்ல எனக்கு யாருடீ இருக்கா? சொல்லு.

மரிசெல்: இன்னொரு விளையாட்டுச் சொல்லவா?

செலின்: ...சொல்லு.

மரிசெல்: பெருசுக விளையாடுறப்ப சின்னஞ்சிறுசு ஒண்ணு வந்து, என்னையும் சேத்துக்கோங்கன்னு அழுகும்ல? சேத்துக்குவோம். ஆனா அதைப் பிடிக்க மாட்டோம். அவுட்டு கிடையாது, பாயிண்டு கிடையாது. அதுபாட்டுக்கு ஓடும். அதுக்குப் பேரு சாலிங் பூசா. சேத்துக்கிட்ட பூனை.

செலின்: பூசான்னா பூனையா? மலையேறுனா கேரளாக்காரகளும் பூச்சைன்னுதான சொல்றாக! இங்க நாங்க ஒப்புக்குச் சப்பாணிம்போம்.

மரிசெல்: நான் வீட்டுக்குக் கடைசி. நான்தான் பூனை. எல்லாக் கோட்டையும் தாண்டி ஓடுவேன், ஒருத்தரும் தொடமாட்டாக. கை தட்டுவாக. ஊர்லயே நான்தான் வேகமா ஓடுறவன்னு நினைச்சேன் மதினி. ஒரு நா எங்கண்ணன் கூட்டாளி சொல்லிப்புட்டான், நீ கணக்குலயே இல்லன்னு.

செலின்: அழுதியா?

மரிசெல்: அழுகல. வாழைத்தோப்புக்குள்ள போயி உக்காந்துக்கிட்டேன். தேடிக்கூட வரல யாரும். அடுத்த வருசம் ஒரு பெரிய பையன் நெசமாவே துரத்தி, முதுகுல ஓங்கி ஒண்ணு வச்சான். அவுட்டு! நேரா வீட்டுக்கு ஓடி எங்கம்மாகிட்ட முதுகைத் திருப்பிக் காட்டினேன். அம்புட்டு சந்தோசம்.

செலின்: கிறுக்கச்சி.

மரிசெல்: உங்க வீட்டுலயும் நான் அதான் மதினி.

செலின்: எதான்?

மரிசெல்: பூனை. வந்து மூணு வருசமாச்சு, ஒருத்தரும் என்னைத் திட்டல. குழம்பு கரிஞ்சா, 'பாவம், அவளுக்கு என்ன தெரியும்'. தோட்டத்துல பழுக்காத கொலையை வெட்டிப்புட்டா, 'பாவம், அவளுக்கு என்ன தெரியும்'. கிணத்துப் பங்குக்கு நீங்களும் உங்க தம்பியும் மல்லுக்கட்டுறீக, நான் உள்ள வந்தா டக்குனு நிறுத்திட்டுச் சிரிக்கிறீக. 'மரியசெல்வி, காப்பி குடிச்சியா?'

செலின்: பாசம்டீ அது! எந்தச் சீமைப் புள்ளையோ, ஆத்தா அப்பனை விட்டுட்டு வந்திருக்கு, மனசு நோகக் கூடாதேன்னு...

மரிசெல்: பாசம்னு தெரியும் மதினி. எங்கண்ணன் கூட்டாளிக கை தட்டுனதும் பாசந்தான்.

செலின்: திட்டாததுக்கா போற? உலகத்துல எவளாச்சும் இதுக்குப் போவாளா? சரி, நான் திட்டுறேன், கேட்டுக்கோ. அடி கூறுகெட்டவளே! மீன் குழம்புல சீனியை அள்ளிப் போட்டவளே!

மரிசெல்: ஒரு ஸ்பூனுதான்.

செலின்: எதுத்துப் பேசாத! பொணம் கிடக்கிற கேதத்து வீட்டுல போயி எல்லாரையும் வரிசையா நிக்க வச்சுப் போட்டோ எடுத்தவளே! பங்குச்சாமி முன்னாடி புருசனை 'ஏய் பீட்டர்'னு கூப்பிட்டவளே! கொழுக்கட்டையில கருவாட்டை வச்சவளே!

மரிசெல்: இன்னும்... இன்னும்...

செலின்: இம்புட்டையும் செஞ்சுப்புட்டு, இப்ப என்னைய ஒத்தையில விட்டுட்டு... ஓடுறவளே...

மரிசெல்: மதினி, அழுகாதீக.

செலின்: அழுகல. திட்டிக்கிட்டிருக்கேன்.

மரிசெல்: அத்தை திட்டிட்டாக மதினி. போன மாசம்.

செலின்: யாரு, எங்கம்மாவா? உன்னையவா?

மரிசெல்: 'எடுபட்ட சிறுக்கி'ன்னாக. கையில கிள்ளியும் வச்சாக. செவந்து போச்சு.

செலின்: எதுக்கு?

மரிசெல்: சொல்லக் கூடாது.

செலின்: இப்பல்ல விளங்குது! அதுக்குத்தான் மூட்டையைக் கட்டிட்டியா! வரட்டும் கிழவி கோயில்லருந்து. இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு...

மரிசெல்: அன்னிக்கு எம்புட்டு சந்தோசமா இருந்தேன் தெரியுமா?

செலின்: உனக்கென்ன மூளை கீளை குழம்பிருச்சா?

மரிசெல்: அதை நேத்துத்தான் எங்கம்மாகிட்ட போன்ல சொல்லி அழுதேன்.

செலின்: திட்டு வாங்குனேன்னு சந்தோசத்துல அழுதியா? போடி. எனக்கு ஒண்ணும் புரியல. உன் விளையாட்டும் புரியல, நீயும் புரியல.

மரிசெல்: மதினி, பஸ்ஸு.

செலின்: வரட்டும்.

மரிசெல்: இதை விட்டா நேரமாயிரும். கையை விடுங்க.

செலின்: விட்டுட்டு? கோயில்லருந்து வந்து 'எங்கடீ என் மருமக'ன்னு அம்மா கேட்டா நான் என்னத்தச் சொல்லுவேன்? இம்புட்டு நேரமா என்கிட்ட எதையோ மறைக்கிற. உன் மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்கு. அதை மட்டும் சொல்லிட்டுப் போ. மாதா மேல ஆணை, பையை விட்டுருறேன்.

மரிசெல்: ...அத்தை கோயில்ல இல்ல மதினி. போற வழியில பாளையம் பஸ் ஸ்டாண்டுல, பூக்காரி பவுனக்கா பக்கத்துல உக்காந்திருக்காக. நான்தான் கோயிலுக்குன்னு சொல்லி ஆட்டோவுல கொண்டுபோயி விட்டுட்டு, பையை எடுக்கத் திரும்பி வந்தேன். உள்ள இருக்கிறதெல்லாம் அவுக சேலைதான், நாளைக்கு மதுரையில அவுகளுக்குக் கண்ணு ஆபரேசன். போன மாசம் செபக்கூட்டத்துல புத்தகத்தைக் கையில வச்சு ஒரு எழுத்துப் பிசகாம வாசிச்சாகளே, அன்னிக்கு அட்டையில மாதா தலைகீழா நின்னாக. கண்ணு தெரியல, அம்புட்டும் மனப்பாடம். நீங்கெல்லாம் கண்ணை மூடியிருந்தீக. நான் புத்தகத்தை மெல்லத் திருப்பி வச்சேன், அதுக்குத்தான் கூட்டம் முடிஞ்சதும் அந்தக் கிள்ளும் திட்டும். பெறகு கதவைச் சாத்திட்டு என்கிட்ட மட்டும் எல்லாத்தையும் சொன்னாக. ஏறுங்க மதினி, மிச்சத்தை அவுககிட்டயே கேளுங்க. உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்குனப்ப என்ன சொன்னாக தெரியுமா... 'பாவம், செலினுக்கு என்ன தெரியும்'னாக.