வாயாடியின் கேசட்

பழைய கேசட்டிலிருந்து மின்விசிறிச் சத்தத்தை நீக்குவதுதான் பெரிய தலைவலி. இருமலைக்கூட வெட்டிவிடலாம். விசிறி, பேசுகிறவர் குரலோடு ஒட்டிக்கொண்டே வரும். அவசரப்பட்டால் குரலும் சேர்ந்து போய்விடும்.

உட்காருங்கள். உங்கள் பெரியம்மாவின் குரலைக் கேட்க இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். வீட்டில் அவள் படங்களையெல்லாம் எரித்துவிட்டார்கள் என்கிறீர்கள். இங்கே வருகிற எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். பெண்ணை நேசித்த பெண்கள், ஆணை நேசித்த ஆண்கள், திருநங்கைகள், திருநம்பிகள் என்று வீட்டார் கைகழுவியவர்களின் படமும் குரலும் தொலைந்துவிடக் கூடாதென்றுதான் சலவைக்கடை மாடியில் அக்கா, இங்கே எல்லோருக்கும் அவள் அக்காதான், இந்தக் காப்பகத்தைத் தொடங்கினாள். அவள் பேட்டி எடுப்பாள். வாய் திறக்கத் தயங்குகிறவர்களை உங்கள் பெரியம்மா சிரிக்கவைத்துப் பேசவைப்பாள். நான் பதிவு செய்து, சத்தம் நீக்கி, கணினியில் ஏற்றுவேன்.

உங்கள் பெரியம்மாவை அக்கா 'வாயாடி' என்றுதான் கூப்பிடுவாள். கடைசி அறையில் இருவரும் குடித்தனம் நடத்தினார்கள். அந்தக் கதையை ஒரு கேசட்டில் சேர்ந்து பேசினார்கள். நடுவில் வாயாடி, "அந்தப் பொண்ணுக்கு உன் மேல ஒரு கண்ணு, தெரியுமா?" என்று சீண்டினாள்.

"போடி. அவ பாட்டுக்கு மூலையில கிடக்கா, நாற்காலி மாதிரி" என்றாள் அக்கா.

இருவரும் சிரித்தார்கள். நான் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அந்த மூலையில்தான் இருந்தேன். பதிவு தெளிவாக வந்திருந்தது.

வாயாடி நோயில் போனாள். நானும் அழுதேன், நம்புங்கள். அதன்பின் அக்காவுக்கு ஞாபகம் நழுவ ஆரம்பித்தது. காலையில் எழுந்ததும், "வாயாடி எங்கடி?" என்பாள். செத்துவிட்டாள் என்றால் அப்போதுதான் கேள்விப்பட்டதுபோல நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுவாள். மறுநாள் மறுபடியும் அதே சாவு. மனிதர்கள் பார்த்துக்கொண்டிருக்கிற காட்சியா அது?

ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். "அப்படி யாரும் இல்லையேக்கா. கனவு கண்டிருப்ப."

"இல்லையா?" என்றாள். அன்று அவள் அழவில்லை.

ஆனால் கேசட் இருந்தது. அதைப் போட்டுக் கேட்டால் எல்லாம் திரும்பி வந்துவிடும். முதலில் கணினியில் அந்தச் சிரிப்பை மட்டும் வெட்டி எடுத்தேன். பிறகு நாற்காலியை. பிறகு வாயாடி பேசியதையெல்லாம். யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருக்கும் அக்காவின் குரல் மட்டும் மிஞ்சியது. அதுவும் கேட்க நன்றாக இல்லை. மூலக் கேசட்டின் மேல் ஆளில்லாத இந்த அறையையே பதிவு செய்துவிட்டேன். வேண்டுமானால் போடுகிறேன், விசிறிச் சத்தம் கேட்கும்.

இங்கே இருந்த அவள் படங்களையும் எரித்தேன். உங்கள் வீட்டார் கோபத்தில் எரித்தார்கள். நான் அப்படியில்லை. ஒவ்வொன்றாக நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் எரித்தேன்.

கொஞ்ச காலம் அக்கா அலமாரி அலமாரியாகக் கையால் தடவித் தேடினாள். என்ன தேடுகிறாய் என்றால் சொல்லத் தெரியாது. அதைப் பார்க்கும்போதுதான் எனக்குத் தாங்காது. பிறகு தேடுவதை விட்டுவிட்டாள். இப்போது என்னை 'வாயாடி' என்று கூப்பிடுகிறாள். நான் மறுப்பதில்லை. நிறையப் பேசப் பழகிக்கொண்டேன், பார்க்கிறீர்கள் அல்லவா?

நீங்கள் அச்சு அசல் பெரியம்மா ஜாடை. அதனால்தான் உங்களை முன்னறையில் உட்காரவைக்கவில்லை. அக்கா எழுந்திருக்கிற நேரம். பின்படி வழியாகவே இறங்கிவிடுங்கள். இப்போதுதான் நிம்மதியாக இருக்கிறாள், அவளைக் குழப்ப வேண்டாம்.

நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "வாயாடி, மூலையில ஒரு பொண்ணு உக்காந்திருக்குமே, அது எங்கடி?" என்று கேட்டாள்.

"அப்படி யாரும் இல்லையேக்கா" என்றேன்.

"இல்லையா?" என்றாள். அதற்கும் அவள் அழவில்லை.