நீட்டு மணி

கழுத்தில் ஒரு வலி இருக்கிறது, ஐயா. தோளிலிருந்து இடது காதுக்குக் கீழ் வரை இழுக்கும். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவனுக்கு வருகிற சாதாரண வலிதான். நாற்காலி போட்டதற்கு நன்றி. நான் நின்றுகொண்டே சொல்கிறேன். இப்போதெல்லாம் உட்கார்ந்தால் கால் தானாக ஆடத் தொடங்கிவிடுகிறது. பார்க்கிறவர்களுக்கு எரிச்சலாக இருக்கும்.

என் பெயர் புகழேந்தி. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் சீனிவாசகம் முதலாளியின் பட்டாசு செய்கிற பயர் ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். என் அம்மா தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கினவள். பள்ளிக்கூடம் விட்டு வந்து நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டி ஒட்டியிருக்கிறேன். நகக்கண்ணில் பசை காய்ந்தால் எப்படி இழுக்கும் என்று எனக்குத் தெரியும். கூலிக்காரர்களின் பாடு தெரியாதவன் என்று மட்டும் என்னை நினைத்துவிட வேண்டாம்.

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற சாத்தூர்த் தவுபிக்கை நீங்கள் மூன்று நாளாக உள்ளே வைத்திருக்கிறீர்கள். அவன் பொய் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன். முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

எங்கள் ஆபீஸில் மணி அடிப்பது கம்ப்யூட்டர்தான். வேலை ஆரம்பம், டீ, சாப்பாடு, வீட்டுக்குப் போகிற நேரம், எல்லாவற்றுக்கும் அதுவே அடிக்கும். கம்பங்களில் கட்டியிருக்கிற குழாய் ஸ்பீக்கர்களில் கேட்கும். இது போக நீட்டு மணி என்று ஒன்று உண்டு. வானம் கறுத்து மின்ன ஆரம்பித்தால் நான் மவுஸில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். நிற்காமல் அடிக்கும். கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு எல்லோரும் ரூமை விட்டு வெளியேறி, கேட்டை ஒட்டிய கட்டடத்துக்கு வந்துவிட வேண்டும். வெடிமருந்து இருக்கிற ரூமில் இடி விழுந்தால் என்ன ஆகும் என்று இந்த வட்டாரத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. செல்போனைக் காலையில் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவோம். கைக்கடிகாரமும் கூடாது. ரூமுக்கு ரூம் தள்ளித் தள்ளிக் கட்டியிருக்கும். உள்ளே குனிந்து வேலை பார்க்கிறவர்களுக்கு வானம் தெரியாது. அவர்களுக்கு எல்லாம் அந்த மணிதான்.

கம்ப்யூட்டரில் இருந்த பழைய ஓ.எஸ்.ஸுக்கு இனிமேல் பாதுகாப்புக் கிடையாது என்று திரையில் தினமும் வந்துகொண்டிருந்தது. ஆடிட்டரும் மாற்றச் சொன்னார். தவுபிக்கைக் கூப்பிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து புதியதைப் போட்டுக் கொடுத்தான். மாற்றியவர்களுக்குத்தான் அந்த அவஸ்தை தெரியும். மூலையில் இருந்த பொத்தான் நடுவுக்கு வந்துவிட்டது. என் கை பழைய மூலைக்கே போய்ப் போய்த் திரும்பியது. தமிழில் அடித்து வைத்திருந்த கூலிப் பட்டியலெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. பிரிண்டரை யாரென்றே தெரியாது என்றது. நான் கேட்காமலே கீழ்மூலையில் வெயில், மழை என்று படம் காட்டியது. அதை எப்படி எடுப்பதென்று எனக்குத் தெரியவில்லை. பாதி வேலையில் தானாக அணைந்து தானாக எழும்பும். எழும்பும் வரை நான் ரூமுக்குள் நடந்துகொண்டிருப்பேன்.

மணியும் போயிற்று. சத்தமே வரவில்லை. போர்மேன் சங்கையா விசிலை எடுத்துக்கொண்டு சைக்கிளில் சுற்றினார். மூன்று வரிசை ரூம்களையும் ஊதி முடிப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கும்.

"ஏலே புகழு, ஒம் மிசினுக்குப் புது உசுரு குடுக்கேன்னு எங் காலை ஒடிச்சிட்டியேடா," என்பார்.

முத்துச்செல்வி பத்தொன்பதாம் ரூமில் திரி சொருகுகிறவள். தண்ணீர் பிடிக்க வரும்போது என் ஜன்னலில் எட்டிப் பார்ப்பாள்.

"என்ன அண்ணாச்சி, மணியை முழுங்கிட்டு ஏப்பம் விடுறீகளா? டீத்தண்ணி குடிச்சு மூணு நாளாச்சு."

"புது சிஸ்டம்மா. சரியாயிரும்."

"எங்க வீட்டுக்காரரும் கட்டுன புதுசுலயிருந்து இப்படித்தான். சரியாயிரும் சரியாயிரும்னு ரெண்டு பிள்ளை ஆச்சு."

சிரித்துக்கொண்டே போவாள். நானும் சிரிப்பேன். அவளோடு எனக்கு எந்தப் பகையும் இல்லை என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த வாரக் கடைசியில் அனுப்ப வேண்டிய லோடு நாளுக்கு முன்பே தயாராகிவிட்டது. எப்படி என்று முதலில் எனக்கே புரியவில்லை. பிறகு புரிந்தது. செய்கிற வேலைக்குத்தான் கூலி. சங்கையா வந்து ஊதினால்தான் இடைவேளை உண்டு. ஊதாத ரூமில் டீக்கு எழுந்திருக்காமல், சாப்பாட்டு நேரம் தெரியாமல் செய்துகொண்டே இருந்திருக்கிறார்கள். சீசன் நேரம், வடக்கே போக வேண்டிய ஆர்டர். முதலாளி என் ரூமுக்கு வந்து தோளில் கை வைத்தார்.

"புகழு, நீ புதுசு போட்ட நேரம் நல்ல நேரம்ப்பா."

அவர் அதற்கு முன்னால் என்னைத் தொட்டதில்லை.

மறுவாரம் தவுபிக் திரும்ப வந்தான். எங்கள் கம்ப்யூட்டரில் இருந்த சவுண்டு கார்டு ரொம்பப் பழசு, புதியதோடு ஒத்துப்போகாது என்று சொல்லி, வெளியே சொருகுகிற மாதிரி விரல் நீளத்தில் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினான். நீட்டு மணியைச் சும்மா அடித்துப் பார்க்க முடியாது. அடித்தால் அத்தனை பேரும் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவார்கள். அதனால் ஹெட்போனில் கேட்டுப் பார்த்தோம். அதன் வலது பக்கத்தை அவன் காதில் வைத்துக்கொண்டான். இடது பக்கத்தை நான் வைத்துக்கொண்டேன்.

"கேக்குதா அண்ணே?"

"கேக்குது."

தெளிவாகக் கேட்டது. அதைக் கேட்டவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். பிறகு வயரை எடுத்து ஸ்பீக்கர் பெட்டியில் மாட்டிவிட்டுப் போனான்.

அவன் பைக் கேட்டைத் தாண்டியதும் சத்தத்தை அடிமட்டத்துக்கு இறக்கினேன். ஒரு வாரத்துக்குத்தான் என்று நினைத்தேன். அந்த ஆர்டர் போகட்டும், பிறகு ஏற்றிவிடலாம். சங்கையா கேட்டார், இன்னும் சரியாகவில்லை என்றேன். முதலாளி கேட்கவில்லை. யாருக்கும் சந்தேகம் வரவில்லை, ஐயா. ஏனென்றால் புது சிஸ்டம் போட்ட ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருந்தது. பேங்கில் இருக்கிற பிரீத்திகா மேடம் பாஸ்வேர்டு போய் ஒரு நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்ததைச் சொன்னார். லாரி ஆபீஸ்காரர் தன் பில் புத்தகமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை என்றார். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே நம்பிவிட்டார்கள்.

எனக்கு மட்டும் நிம்மதி இல்லை. டீ நேரம் வந்தால் திரையில் மணி அடித்ததாகக் காட்டும். எழுந்து ஜன்னல் வரை போவேன். வெயிலில் ரூம்கள் அப்படியே இருக்கும், ஒருவரும் வெளியே வர மாட்டார்கள். திரும்பி வந்து உட்காருவேன். மறுபடி எழுவேன். கால் ஆடுவது அப்போது ஆரம்பித்ததுதான்.

ஒரு வாரம் ஒரு மாதம் ஆயிற்று.

அன்றைக்கு மத்தியானம் திரையின் கீழ்மூலையில் வெயில் படம் போய், மேகமும் மின்னலும் வந்தது. நான் எடுக்கத் தெரியாமல் விட்டிருந்த அதே படம்தான். ஜன்னலில் பார்த்தேன், மேற்கே கறுத்திருந்தது. பல நாள் அப்படிக் கறுத்து, சாத்தூர்ப் பக்கம் தள்ளிப் போய்விடும். ஆனால் சங்கையா யாரையும் கேட்காமல் விசிலை எடுத்துக்கொண்டு முதல் வரிசையில் ஊதத் தொடங்கிவிட்டார். பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடி வருவது தெரிந்தது.

நான் மவுஸில் கை வைத்தேன். சத்தத்தை மேலே ஏற்ற ஒரு இழுப்பு, மணிக்கு ஒரு தட்டு. அவ்வளவுதான் வேலை. ஆனால் என் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். அப்போது அது அடித்தால், இத்தனை நாளும் அடித்திருக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்துபோகும். முத்துச்செல்வி ஜன்னலில் வந்து நிற்பாள். அவள் வாய் லேசுப்பட்டதல்ல. சங்கையாவின் முழங்கால் அப்போது வீங்கிக் கிடந்தது, அவருக்கு நான் என்ன சொல்வது? முதலாளி எதுவும் கேட்க மாட்டார், எல்லோருக்கும் முன்னால் என்னைக் கைகழுவிவிடுவார்.

இரண்டாம் வரிசை காலியாகிவிட்டது. சங்கையா சைக்கிளைத் திருப்பி மூன்றாம் வரிசைக்குப் போனார். பத்தொன்பது அந்த வரிசையின் கடைசி. போய்ச் சேர்ந்துவிடுவார் என்று கணக்குப் போட்டேன். கணக்குத்தானே என் வேலை. விரல் மவுஸின் மேலேயே இருந்தது.

மின்னல் வந்தது. அதற்குப் பிறகுதான் சத்தம். ஜன்னல் கண்ணாடி என் மேஜையில் கொட்டியது. எல்லோரும் ஓடினார்கள். நானும் ஓடினேன். அதற்கு முன்னால் அந்தச் சவுண்டு கார்டைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

முத்துச்செல்வியோடு வேல்விழியும் அய்யம்மாளும் இடி விழுந்த பத்தொன்பதாம் ரூமில் இருந்தார்கள். மூன்று பேரும் போய்விட்டார்கள். சங்கையா இரண்டு ரூமுக்கு இப்பால் விழுந்து கிடந்தார். விசில் வாயிலேயே இருந்தது. பிழைத்துக்கொண்டார், காது மட்டும் கேட்கவில்லை.

அன்றைக்கு வந்த எஸ்.ஐ. என்னிடம் அதிகம் கேட்கவில்லை. புது ஓ.எஸ். போட்டதிலிருந்து மணி அடிப்பதில்லை என்றேன். "எங்க ஸ்டேஷன்லயும் இதே தலைவலிதான்ப்பா, மாத்துனதுலயிருந்து பிரிண்டு எடுக்க முடியலை," என்று சொல்லிக்கொண்டே எழுதினார். போட்டுக் கொடுத்தது யார் என்றார். பெயரைச் சொன்னேன். சரிபண்ணிவிட்டேன் என்று தவுபிக் சொன்னதற்குச் சாட்சி இல்லை. மாட்டியதாகச் சொன்ன சாமானும் அங்கே இல்லை.

நேற்று அவன் அம்மா ஆசியா பீவி என் வீட்டுக்கு வந்தார். அழவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று கேட்டார்.

"ஒரு காதுல நான் வச்சேன், ஒரு காதுல அண்ணன் வச்சாகன்னு எம் மகன் சொல்றான். நீங்க கேட்டீகளா, கேக்கலையா? அதை மட்டும் சொல்லுங்க."

"தண்ணி குடிக்கீகளா?" என்றேன்.

"தண்ணி வேணாம். கேட்டீகளா?"

நான் உள்ளே போய்விட்டேன். அவர் போகவில்லை. வெயில் இறங்கும் வரை அங்கேயே நின்றார். அவர் போன பிறகும் என் இடது காதில் அந்த மணி அடித்துக்கொண்டே இருந்தது.

ஆகவே சொல்கிறேன். மணி வேலை செய்தது. அதை ஒரு மாதம் அடக்கி வைத்தது நான். மேகத்தைப் பார்த்தும் அடிக்காமல் இருந்தது நான். சாமானைப் பிடுங்கி ஒளித்ததும், அந்தப் பையனின் பெயரைச் சொன்னதும் நான்தான். அவனை விட்டுவிடுங்கள். எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடுகிறேன். மூன்று பேரை நான் கொன்றதாக மட்டும் எழுத வேண்டாம், அது சரியாக இருக்காது. விழுந்தது இடி. நான் ஒரு சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

இதோ அந்தச் சவுண்டு கார்டு. பத்திரமாக வையுங்கள், இன்னும் வேலை செய்யும். அறுநூற்றைம்பது ரூபாய் என்றான் தவுபிக். சீசன் முடிந்து தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். யாருக்கும் நான் கடன்பட்டவன் இல்லை, ஐயா. அந்த அறுநூற்றைம்பது மட்டும்தான் பாக்கி.