சம்பந்தி மேல பட்ட சேறு

அட, அந்த மட்கார்ட எடுக்காதீங்க சார்... ஏன் சார், இத்தன தொங்குது, போயும் போயும் அதயேவா புடிப்பீங்க? கீழ வைங்க. சும்மா வைங்க, யாரும் தூக்கிட்டுப் போயிட மாட்டாங்க. பட்டவன் சொல்றேன். அதே கம்பெனி, அதே நீளம், அதே கறுப்பு. பனிக்காலம் ஆரம்பிச்சப்ப இதே கடையில, இதே கொக்கியிலேர்ந்து நாந்தான் கழட்டிட்டுப் போனேன். இப்ப என்னாச்சு? இந்தப் பையில ரெண்டு துண்டா கெடக்கு. குளிர்ல வெடிச்சிருச்சு சார்! பிளாஸ்டிக்கா அது? பிஸ்கெட்டு!

கடைக்காரர் உள்ள யாரு சைக்கிளுக்கோ செயின் மாட்டிக்கிட்டிருக்காரு. வரட்டும், இருக்கு அவருக்கு. பதினாலு வயசுல பழைய ஃப்ரிட்ஜ முதுகுல சொமந்து மாடி ஏத்தி வித்தவன் சார் நானு. எங்கிட்டயே பிஸ்கெட்ட மட்கார்டுன்னு தள்ளிவிடுறதுன்னா... ஏமாந்து ஏமாந்தே எல்லாம் கத்துக்கிட்டேன். ஒருத்தன் ஒரு பொருளப் பத்தி ரொம்ப நல்லதா சொல்றானா, அதுல எங்கயோ ஓட்டை இருக்கு. அவ்வளவுதான் என் படிப்பு.

சரி, உங்க டயர் என்ன அகலம்? நாலு விரலா? அப்ப மலையிலதான் ஓட்டுறீங்க. நல்லது. அப்ப இந்த ஒல்லிக்குச்சி மட்கார்டெல்லாம் திரும்பியே பாக்காதீங்க, அது பேன்ட்டு மடிப்பு கலையாம ஆபீஸ் போறவங்களுக்கு. அப்புறம் இன்னொண்ணு. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல கட்டவெரல் தாராளமா போகணும். ஒட்டி மாட்டினா அழகாத்தான் இருக்கும், கல்யாணத்துக்குத் தெச்ச கோட்டு மாதிரி. ஆனா எறக்கத்துல சேறும் எலையும் போயி அடச்சுக்கிச்சுன்னா சக்கரம் நின்னுடும். சக்கரம் நிக்கும், நீங்க நிக்க மாட்டீங்க. நேரா புதர்தான்.

முன்னாடிக்கு இந்தா, இந்த மடக்குற தகடு போதும். நாலு பிளாஸ்டிக் வார வச்சு இழுத்துக் கட்டினா முடிஞ்சது, உங்க கண்ணுக்குப் பத்திரம். பின்னாடிக்கு... பின்னாடிக்கு அந்தக் குட்டையா இருக்கு பாருங்க, அத எடுத்துக்குங்க. சீட்டுக்கு அடியில சொருகினா போதும், உங்க முதுகு நனையாது. நீளமானத வச்சு என்ன பண்ணப் போறீங்க? நீளம் எல்லாம் பின்னாடி வர்றவருக்குத்தான்...

ம்.

பின்னாடி யாரு வருவான்னா... எனக்குப் பின்னாடி சம்பந்தி வருவாரு சார். என் பொண்ண அவரு பையனுக்குத்தான் குடுத்திருக்கேன். சம்பந்தி பல் டாக்டரு. மெதுவா பேசுவாரு, அதுவும் எண்ணித்தான் பேசுவாரு. எதுத்தாப்புல இருக்கிறவங்க வாயத் தெறந்து வச்சுக்கிட்டு சும்மா கெடந்தே பழக்கம் அவருக்கு. மொதமொத என்னப் பாத்தப்ப மனுஷன் தெகச்சுப் போயிட்டாரு. வாயும் தெறந்திருக்கு, சத்தமும் வருதேன்னு!

கல்யாணம் முடிஞ்ச மறுவாரமே, 'சம்பந்தி, தொப்ப எறங்கணும்னா எங்கூட வாங்க'ன்னு ஒரு பழைய மலை சைக்கிளக் குடுத்துக் கூட்டிட்டுப் போனாரு. நாலு வருஷமா ஒரு ஞாயித்துக்கெழம தவறினதில்ல. மழ, குளிரு, எதுன்னாலும் சரி. உச்சிக்குப் போனதும் அவரு ஃப்ளாஸ்க்கத் தெறப்பாரு, ஒரே மூடியில மாத்தி மாத்தி காப்பி குடிப்போம். எனக்கு சிநேகிதன்னு யாருமில்ல சார். யாவாரத்துல இருக்கிறவனுக்கு யாரு வருவா? பாதிப் பேர நான் கவுத்திருக்கேன், மீதிப் பேரு என்னக் கவுத்திருக்கான். இவர் ஒருத்தருதான்... இவருகிட்ட எனக்கு வாங்கவும் ஒண்ணுமில்ல, விக்கவும் ஒண்ணுமில்ல.

நான்தான் முன்னாடி போவேன். யாரு முதுகயும் பாத்துக்கிட்டுப் போக எனக்குப் புடிக்காது. அன்னிக்கும் அப்படித்தான். மூணு ஞாயித்துக்கெழமைக்கு முன்னாடி. ராத்திரி பூரா மழ, பாதையெல்லாம் கொழகொழன்னு கெடக்கு. எறக்கத்துல நான் சும்மா பறக்குறேன். பின்னாலேர்ந்து 'சம்பந்தி... சம்பந்தீ'ன்னு சத்தம். அடடா, என் வேகத்தப் பாத்து மெச்சுறாரேன்னு இன்னும் ரெண்டு அழுத்து அழுத்தினேன் சார்! கீழ வந்து திரும்பிப் பாத்தா ஆளக் காணோம். யாருக்காவது பல்லு வலிச்சு ஃபோன் வந்திருக்கும், பாதியில வேற வழியா போயிட்டாருன்னு நெனச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டேன்.

சாயங்காலம் பொண்ணு ஃபோன் பண்றா. 'ஏம்ப்பா இப்படிப் பண்றீங்க? மாமா மேல சேத்த வாரி எறச்சீங்களாமே?'

சேத்த வாரி எறைக்கிறதுன்னா என்ன சார் அர்த்தம்? நீங்களே சொல்லுங்க. ஊரு பூரா ஒருத்தரப் பத்தித் தப்பாப் பேசுறது. அதான? எனக்கு வந்ததே கோவம்! யாரோ போட்டுக் குடுத்துட்டாங்கன்னு நெனச்சேன். பொண்ணு 'அப்பா அப்பா'ங்கிறா, ஃபோன வெட்டிட்டு நேரா சம்பந்திக்குப் போட்டேன். 'எவன் சொன்னான் உங்ககிட்ட?'ன்னு ஆரம்பிச்சேன். 'நீங்க கொறட்ட விட்டா ஜன்னல் கண்ணாடி அதிருதுன்னு முடி வெட்டுறவருகிட்ட சொன்னேன், இல்லேங்கல, அது தமாசுக்கு. நீங்க கல்யாணத்துல குடுத்த கடியாரம் ஓடலேன்னு பக்கத்து வீட்டம்மாகிட்ட சொன்னேன், அது ஓடலதான? இல்ல, கடத்தெருவுல இருக்கிற அந்த இன்னொரு பல் டாக்டரு சொன்னாரா? ஆமா, கடவாப்பல்லுக்கு உங்ககிட்ட வராம அவருகிட்டதான் போனேன், உங்க கை முரட்டுக் கைன்னு சொன்னேன், மெதுவாத்தான் சொன்னேன்! இதப் போயி சேத்த வாரி எறைக்கிறதுன்னா எப்படி?'

  நான் முடிச்சதும் அவரு சொன்னாரு சார். 'சம்பந்தி... நான் சொன்னது சேறு. தரையில இருக்குமே, அந்தச் சேறு. உங்க பின் சக்கரத்துலேர்ந்து என் மூஞ்சில அடிச்சது. கண்ணே தெரியல, அதான் பாதியிலயே எறங்கி நடந்தேன்.'

வச்சுட்டாரு.

சிரிங்க சார், சிரிங்க. என் பொண்டாட்டியும் சிரிச்சா, அப்புறம் ரெண்டு நாளு பேசல. அதுக்கப்புறம் ரெண்டு ஞாயித்துக்கெழம அவரு வரவேயில்ல. நானும் ஒரு தடவ தனியா ஏறிப் பாத்தேன். புதுசா ஃப்ளாஸ்க்கு வாங்கி, மூடி நெறய ஊத்தி, மொத்தக் காப்பியும் நானே குடிச்சேன். நல்லாவேயில்ல. அதுல முரட்டுக் கைன்னு சொன்னேன் பாருங்க... முப்பது வருஷமா அந்தக் கையாலதான சார் சோறு திங்கிறாரு? அத எப்படித் திரும்ப எடுத்துக்கிறது? வித்த பொருள்னா மாத்திக் குடுக்கலாம்.

எல்லாம் இந்த மட்கார்டால வந்தது! இது மட்டும் குளிர்ல ஒடையாம இருந்திருந்தா...

என்ன சார்? ஒடஞ்ச துண்டக் காட்டவா? அத எதுக்கு நீங்க... ஒடசல்ல பாக்க என்ன இருக்கு. சரி, இந்தாங்க, பாத்துக்குங்க.

...நேரா இருக்கா? இருக்கும். குளிரு சில நேரம் நேராத்தான் வெடிக்கும். என்னது? ரம்பம் போன கோடு தெரியுதா? கண்ணாடி போடாமயே தெரியுதா உங்களுக்கு?

சரி சார். நாந்தான் அறுத்தேன். மெல்லப் பேசுங்க, கடைக்காரர் காதுல விழப் போகுது. எங்க லிஃப்ட்டு சின்னது. சைக்கிள நட்டக்குத்தலா நிமுத்தி வச்சா, மட்கார்டு வாலு நீட்டிக்கிட்டுக் கதவு மூட மாட்டேங்குது. ஒரு நாளு பொறுத்தேன், ரெண்டு நாளு பொறுத்தேன், மூணாம் நாளு கோவத்துல ரம்பத்த எடுத்து ஒரு சாண் போட்டேன் ஒரு அறுப்பு. எனக்கென்ன, என் முதுகு நனையல. அந்த ஒரு சாணு சம்பந்தி மூஞ்சிக்கு மறைப்புன்னு எனக்கு எப்படி சார் தெரியும்? நான்தான் பின்னாடி திரும்பியே பாத்ததில்லியே.

அப்புறம் ஏன் இத எடுக்காதீங்கன்னு உங்களத் தடுத்தேனா? நல்லாப் புடிச்சீங்க போங்க. ஒருத்தன் பொருளத் திட்டுறான்னா அது அவனுக்கு வேணும்னு அர்த்தம். நீங்க யாவாரத்துக்கு வந்திருக்கணும் சார். உங்க கையில இருக்கிறதுதான் கடைசி. கடைக்காரர்கிட்ட காலையிலயே ஃபோன்ல கேட்டுட்டேன், அடுத்தது வர ரெண்டு வாரம் ஆகுமாம். நேத்து சம்பந்திகிட்டயிருந்து ஒரே ஒரு வரி வந்தது. இதப் பாருங்க. 'ஞாயிறு வருகிறேன். முழு மட்கார்டு மாட்டி வரவும்.' மருந்துச் சீட்டு மாதிரி எழுதியிருக்காரு. நாளைக்குத்தான சார் ஞாயித்துக்கெழம! அந்தக் குட்டைய எடுத்துக்குங்க, வெல வித்தியாசத்த நான் போடுறேன். கூட அந்த முன்னாடித் தகடும்... சரி, உள் டியூபு ஒண்ணும்...

என்னது? இத நானே சும்மா எடுத்துக்கவா?

நீங்க தனியாத்தான் ஓட்டுறீங்களா? பின்னாடி யாரும் வர்றதில்லியா... சார், யோசிச்சுக்குங்க. வேற ஏதாச்சும் கேளுங்க. இப்படி மொதல் பேச்சுலயே ஒருத்தர் விட்டுக் குடுத்துட்டா எனக்கு அடுத்து என்ன பேசுறதுன்னே தெரியாது. ...சரி. சரி, குடுங்க. லிஃப்டா? அது கெடக்கு, படியிலயே தூக்கிட்டுப் போறேன்.

கெளம்பிட்டீங்களா? ஒரே நிமிஷம் சார். இங்க வந்து நில்லுங்க, நீங்கதான் சம்பந்தின்னு வச்சுக்குங்க. நாளைக்கு எப்படிச் சொல்றதுன்னு ஒரு தடவ சொல்லிப் பாத்துக்கிறேன். 'சம்பந்தி, நான் பேசினது தப்புதான், ஆனா நீங்களும் அந்தக் கடியாரத்த...' ஐயையோ, வேண்டாம், வேண்டாம். 'சம்பந்தி, உங்க கை அப்படி ஒண்ணும் ரொம்ப முரடு...' சே! இருங்க சார், போகாதீங்க, வந்துட்டேன்.

'சம்பந்தி. தப்பு என்மேலதான்.'

போதுமில்ல? இதுக்கு மேல ஒரு வார்த்த சேத்தாலும் பேரமாயிடும்.