ஈரத்துக்குக் கழித்த இரண்டு கிலோ

"நம்ம புள்ள என்ன ஈரக் கொழுந்தாங்க, ரெண்டு கிலோ கழிக்கிறதுக்கு?"

ராகலையிலிருந்து நுவரெலியா போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் புருஷனிடம் கேட்டாள். இருவருக்கும் நடுவில் ஆறு வயதுச் சிறுமி. கிளினிக் கொப்பி அவள் மடியில் இருந்தது.

"தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஐயா பழக்கத்துல கழிச்சிட்டாரு. தேயிலைக் கொழுந்து நிறுக்கிற தராசுல எல்லாருக்கும் கழிக்கிறதுதானே?"

"அது சாக்குக்கும் தண்ணிக்கும். இவ வெறும் கொக்கியப் புடிச்சுத்தானே தொங்குனா?"

"கழிச்சது நேத்துத்தானே எனக்கே தெரியும்."

"போன மாசம் கிளினிக்குல நிறுத்ததுக்கு ரெண்டு கிலோ எளச்சிட்டான்னு வந்து சொன்னீங்க. தைராய்டு மாத்திரை கூடிப்போச்சோன்னு பயந்து, பத்து நாளா பாதிதான் குடுத்தேன்."

"ஒன்ன யாரு பாதியாக்கச் சொன்னது? டாக்டரா?"

"டாக்டரு அடுத்த மாசம் வான்னுதான் சொன்னாரு. அது வரைக்கும் நான் யாரைக் கேக்குறது? ஒங்க கணக்கப்பிள்ளையவா?"

"இப்ப டாக்டருகிட்ட என்ன சொல்றது?"

"நீங்களே சொல்லுங்க, கொழுந்து மடுவத்துத் தராசுல நிறுத்தோம்னு."

"பாதி மாத்திரைய நீ சொல்லு."

சிறுமி தாயின் முகத்தைப் பார்த்தாள்.

"அம்மா, நாளைக்கு முழு மாத்திரையா, பாதியா?"

"சும்மா வாடி."

சொல்லிவிட்டு, ஏற்கெனவே பூட்டியிருந்த மகளின் ஸ்வெட்டர் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மறுபடியும் பூட்டினாள்.